வாடகை வீட்டு ரோமாபுரி

இத்தாலியின் பொம்பேயி நகரத்துச் சுவரொன்றில் ஒரு 'டு லெட்' அறிவிப்பு இருந்தது. க்னேயஸ் அல்லேயஸ் நிகிடியஸ் மையஸ் என்ற ஊர்ப் பெரியமனிதருடைய கட்டடத் தொகுதியில், வரும் ஜூலை 1 முதல் வாடகைக்கு: மாடி அறையோடு கூடிய கடைகள், வசதியான மாடிக் குடியிருப்புகள், ஒரு தனி வீடு. வேண்டுவோர் மையஸின் அடிமை பிரைமஸைப் பார்க்கவும். அதே ஊரில் ஜூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்மணி எழுதிவைத்த அறிவிப்பு இன்னும் சுவாரசியம். குளியல்கூடம், கடைகள், மாடி அறைகள், எல்லாம் ஆகஸ்ட் 13 தொடங்கி ஐந்தாண்டுக்கு. குளியல்கூடம் நல்ல இடத்து ஆட்களுக்கானது என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறார். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து ஊரை மூடிவிட்டதால் நமக்கு மிஞ்சிய சுவர்கள் இவை.

சென்னையில் வீடு தேடி அலைந்த யாருக்கும் அந்த 'நல்ல இடத்து ஆட்கள்' புரியும்.

பள்ளிக்கூடம் நமக்கு அறிமுகப்படுத்திய கிரேக்கமும் ரோமும் வேறு. சாக்ரடீஸ் விஷம் குடித்தார், ஏதென்ஸில் ஜனநாயகம் பிறந்தது, ரோமானியர்கள் சட்டமும் சாலையும் போட்டார்கள், பிறகு வீழ்ந்தார்கள். இன்றைய உலகை அவர்களோடு ஒப்பிட்டு எழுதுகிறவர்களும் அந்த உயரத்திலிருந்தே எழுதுகிறார்கள். ஏதாவதொரு வல்லரசு ரோம் மாதிரி சரியப்போகிறது என்று ஆண்டுக்கொரு கட்டுரை வந்துவிடும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒற்றுமை இருக்கிறது, ஆனால் அது வாடகையில், சத்தத்தில், ரேஷனில், கலப்படத்தில் இருக்கிறது. பேரரசின் உச்சத்தில் ரோமில் பத்து லட்சம் பேர்வரை வாழ்ந்திருக்கலாம் என்பது பரவலான கணிப்பு. ரயிலும் மின்சாரமும் கான்கிரீட் தூணுக்குள் இரும்புக் கம்பியும் இல்லாத காலத்தில் அத்தனை பேரை ஒரு ஊருக்குள் அடைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. அதைப் பற்றி அவர்கள் எழுதிவைத்ததைப் படிக்கும்போதுதான் அடுத்த தெருக்காரர் பேசுவதுபோல இருக்கிறது.

ரோமின் பணக்காரர்கள் முற்றம் வைத்த தனி வீட்டில் இருந்தார்கள். மற்றவர்களுக்கு 'இன்சுலா' என்ற அடுக்குமாடி. 4ஆம் நூற்றாண்டு நகரப் பட்டியல் தனி வீடுகளை 1,800 அளவிலும் இன்சுலாக்களை 40,000க்கு மேலும் கணக்கிடுகிறது. ஒரு இன்சுலா என்றால் முழுக் கட்டடமா, அதில் ஒரு பகுதியா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டைபோடுகிறார்கள். எப்படி எண்ணினாலும் நகரத்தில் பெரும்பாலானவர்கள் மாடியில் குடியிருந்தார்கள். கீழே கடை, முதல் மாடியில் ஓரளவு வசதியான வீடு, மேலே போகப் போக அறை சிறுத்து வாடகை குறையும். நம் ஊரில் லிஃப்ட் வந்த பிறகு இது தலைகீழாகி, மேல்மாடிக்காரர் காற்றுக்கும் கடலுக்கும் சேர்த்துப் பணம் தருகிறார். லிஃப்ட் இல்லாத பழைய நான்கு மாடி வீடுகளில் ரோமானியக் கணக்கு இன்றும் செல்லும்.

உயரத்துக்குச் சட்டம் போட்டார்கள். பேரரசர் அகஸ்டஸ் 70 ரோமானிய அடிக்கு மேல் கட்டக் கூடாது என்றார், அதாவது ஏறக்குறைய 21 மீட்டர். நூறாண்டு கழித்துப் பேரரசர் டிராஜன் அதை 60 அடியாகக் குறைத்தார். கட்டடங்கள் இடிந்துகொண்டே இருந்தன என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். அங்கதக் கவிஞர் ஜுவனல் சொல்லும் ரோம், மெல்லிய முட்டுக்கொடுப்புகள் மேல் நிற்கும் நகரம். சுவரில் பழைய விரிசல் வாயைப் பிளந்திருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேலாள் அதைப் பூசி மறைத்துவிட்டு, கவலைப்படாமல் தூங்குங்கள் என்பான். கீழே தீப்பிடித்தால் கூரைக்கடியில், புறா முட்டையிடும் இடத்தில் குடியிருப்பவனுக்குத்தான் கடைசியில் தெரியும். அவரே இன்னொரு கணக்கும் போடுகிறார். சோரா, ஃப்ரூசினோ போன்ற வெளியூர்களில் ஓர் அருமையான வீட்டைச் சொந்தமாக வாங்கும் விலையை, ரோமில் ஒரு இருட்டறைக்கு ஒரு வருட வாடகையாகக் கொடுக்கிறாய். சர்க்கஸ் மைதானத்து ரதப் பந்தயத்தை விட்டுவர மட்டும் உனக்கு மனமிருந்தால் போதும். மிகைப்படுத்துவது அங்கதக்காரரின் தொழில், அதனால் இதை அப்படியே கணக்கில் எழுதக் கூடாது. இருந்தாலும் பெங்களூரில் வேலைபார்த்துக்கொண்டு, ஊரில் இருக்கும் வீட்டைப் பூட்டிவைத்திருக்கிற என் நண்பர்களுக்கு இந்த வரியை அனுப்பியிருக்கிறேன்.

வீட்டுக்காரர் தரப்பையும் கேட்க வேண்டுமல்லவா? சிசெரோ நமக்கு மேடைப் பேச்சாளராகவும் குடியரசின் காவலராகவும் தெரிந்தவர். அவருக்கு வாடகை வருமானமும் உண்டு. கி.மு. 44 ஏப்ரலில், சீசர் கொலையாகி ஒரு மாதத்தில், நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில் நடுவே ஒரு செய்தி வருகிறது. என் கடைகளில் இரண்டு இடிந்து விழுந்துவிட்டன, மற்றவை விரிசல் விடுகின்றன, குடியிருந்தவர்கள் மட்டுமில்லை, எலிகளும்கூடக் காலிசெய்துவிட்டன என்கிறார். மற்றவர்கள் இதைப் பேரிடர் என்பார்கள், எனக்கு இது ஒரு தொந்தரவுகூட இல்லையாம். தத்துவம் பேசுகிறார் என்று நாம் நினைக்கும்போதே அடுத்த விஷயத்துக்கு வந்துவிடுகிறார்: இந்த நஷ்டத்தை லாபமாக்கும்படி கட்டிக்கொள்ள ஒரு யோசனை கிடைத்திருக்கிறது. எலிகளைப் பற்றி ஒரு நகைச்சுவை இருக்கிறது, குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு சொல் இல்லை.

அவருக்கும் மேலே கிராஸஸ். சீசருக்கும் பாம்பே என்ற தளபதிக்கும் கூட்டாளியாக இருந்த மகா கோடீஸ்வரர். புளூட்டார்க் சொல்வதன்படி, எங்காவது தீப்பிடித்தால் எரியும் வீட்டையும் பயத்தில் இருக்கும் பக்கத்து வீடுகளையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிவிடுவார். கட்டட வேலை தெரிந்த அடிமைகள் 500 பேருக்கு மேல் அவரிடம் இருந்தார்கள். இப்படியே ரோமின் பெரும்பகுதி அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் தனக்கென்று கட்டிக்கொண்டது ஒரே ஒரு வீடுதான். கட்டட ஆசை பிடித்தவர்களைக் கெடுக்க எதிரி தேவையில்லை, அவர்களே கெட்டுப்போவார்கள் என்பாராம். ரியல் எஸ்டேட் கூட்டங்களில் பேச அழைத்தால் இன்றும் கைதட்டு வாங்குவார்.

நான் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு ஜிம் வந்தபோதுதான் ரோமானியத் தத்துவஞானி செனகாவின் 56ஆவது கடிதம் எனக்கு நெருக்கமானது. அவர் ஒரு பொதுக் குளியல்கூடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தார். கனமான எடையைத் தூக்கிவிட்டு முனகுகிறவர்கள், அடக்கிய மூச்சைச் சீறலாக விடுகிறவர்கள், எண்ணெய் தேய்த்து முதுகில் அறைகிறவனின் கைச்சத்தம் (உள்ளங்கை தட்டையாக விழுகிறதா, குழித்து விழுகிறதா என்று சத்தத்திலேயே தெரியுமாம்), பந்து விளையாடுகிறவன் உரக்க எண்ணுவது, தன் குரலே தனக்கு இனிமை என்று குளித்துக்கொண்டே பாடுகிறவன். உடம்பு முடி பிடுங்குகிறவன் வாடிக்கையாளரைப் பிடிக்கக் கீச்சுக்குரலில் கத்திக்கொண்டே இருப்பான். யாராவது அக்குளைக் காட்டி உட்கார்ந்தால்தான் வாயை மூடுவான், ஏனென்றால் அப்போது கத்துவது மற்றவர். இதோடு தொத்திறைச்சி விற்பவன், இனிப்பு விற்பவன், ஒவ்வொருவனுக்கும் ஒரு ராகம். மனம் அமைதியாக இருந்தால் வெளிச்சத்தம் ஒன்றும் செய்யாது என்று கடிதம் முழுக்கப் போதித்துவிட்டு, கடைசியில் நான் வேறு வீட்டுக்குப் போகிறேன் என்று முடிக்கிறார். செனகாவின் ஸ்டோயிக் தத்துவத்தைச் செல்பேசிக் காணொளிகளில் விற்கும் இளைஞர்கள் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே அந்த வரியில்தான்.

பகலில் இப்படி என்றால் இரவு அதைவிட மோசம். சீசரின் பெயரால் வழங்கும் சட்டமொன்று ரோமின் தெருக்களில் சூரிய உதயத்திலிருந்து பத்தாம் மணிவரை, அதாவது பிற்பகல் பாதி தாண்டும்வரை, சுமைவண்டிகளைத் தடைசெய்தது. கோயில் கட்டுமானச் சாமான், அரசு வேலை, குப்பை அள்ளும் வண்டி போன்றவற்றுக்கு விலக்கு. பகலில் லாரி நுழையக் கூடாது என்ற பலகை நிற்கும் எந்த ஊரிலும் இதன் விளைவு தெரியும்: எல்லாச் சத்தமும் ராத்திரிக்குத் தள்ளிப்போடப்படும். ரோமில் தூங்குவதற்குப் பணக்காரனாக இருக்க வேண்டும் என்கிறார் ஜுவனல். இன்னொரு கவிஞரான மார்ஷியல் பட்டியலே போடுகிறார்: விடியுமுன் வாத்தியார்கள், இரவெல்லாம் ரொட்டிக்காரர்கள், பகலெல்லாம் செம்பு தட்டுகிறவர்கள்.

மார்ஷியல் மூன்று மாடி ஏறிப் போக வேண்டிய வீட்டில் இருந்தார், அதுவும் உயரமான படிகள். லுபெர்கஸ் என்பவர் பார்க்கும்போதெல்லாம் உங்கள் கவிதைப் புத்தகத்தை வாங்கிவர ஆள் அனுப்பட்டுமா, படித்துவிட்டுத் தந்துவிடுகிறேன் என்பார். பாவம், உங்கள் பையன் இவ்வளவு தூரம் வந்து படியேற வேண்டாம், நீங்கள் போகும் வழியிலேயே சீசர் மன்றத்துக்கு எதிரில் அட்ரெக்டஸின் கடை இருக்கிறது, ஐந்து தினாரியஸ் காசுக்குக் கொடுப்பார் என்கிறார் கவிஞர். அவ்வளவுக்கு நீ பெறமாட்டாயே என்கிறார் லுபெர்கஸ். சரியாகச் சொன்னீர்கள் என்று முடிகிறது கவிதை. தமிழில் புத்தகம் போட்ட யாரிடமும் இதற்கு உரை கேட்டுப் பெறலாம்.

சமையலறை இல்லாத மாடி அறைகளில் இருப்பவர்கள் வெளியே சாப்பிட்டார்கள். பொம்பேயியில் தெருவைப் பார்த்த கல் மேடையில் குழிகள் வைத்து உணவு விற்ற கடைகள் 150 அளவுக்குக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு கடையின் மேடையில் வாத்தும் சேவலும் கழுத்துப்பட்டி போட்ட நாயும் வரையப்பட்டிருந்தன. பாத்திரங்களில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் மிச்சம். நாய்ப் படத்தின் சட்டத்தில் நிசியாஸ் என்ற ஒருவரைத் திட்டி ஒரு கெட்டவார்த்தை கிறுக்கப்பட்டிருக்கிறது. மதுக்கடை விலைப்பட்டியல் ஒன்று: ஒரு காசுக்குக் குடிக்கலாம், இரண்டு காசுக்கு நல்லதாய்க் குடிக்கலாம், நான்கு தந்தால் ஃபலேர்னியன் என்ற உயர்ந்த மது. இன்னொரு சுவரில் கடைக்காரனுக்குச் சாபம்: எங்களுக்குத் தண்ணீரை விற்றுவிட்டு நீ கலப்பில்லாததைக் குடிக்கிறாய். விடுதி ஒன்றின் விமர்சனம் நட்சத்திரக் குறி மட்டும் இல்லாமல் அப்படியே கிடைத்திருக்கிறது. படுக்கையை நனைத்துவிட்டோம், தப்புதான் ஐயா, ஏன் என்று கேட்டால், அறையில் மூத்திரச் சட்டி இல்லை. இப்படி எழுதித் தள்ளியவர்களைப் பார்த்து எரிச்சலான ஒருவர், இத்தனை பேரின் சலிப்பூட்டும் கிறுக்கலைத் தாங்கிக்கொண்டு நீ இன்னும் இடிந்து விழாதது ஆச்சரியம், சுவரே என்று எழுதினார். அதையும் சுவரில்தான் எழுதினார். அந்த வரி அந்த ஊரில் பல இடங்களில் திரும்பத் திரும்பக் கிடைப்பதால், அதுவும் ஃபார்வர்டு ஆகியிருக்கிறது என்று தெரிகிறது.

சுவரை அதிகம் பிடித்துவைத்தது தேர்தல். தொழில்முறை எழுத்தர்கள் இரவில் வெள்ளையடித்து எழுதுவார்கள். எமிலியஸ் செலர் என்ற எழுத்தர், ஒரு வாள்வீரர் போட்டி விளம்பரத்தில், நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். பழ வியாபாரிகள், கோவேறு கழுதை ஓட்டிகள், பொற்கொல்லர்கள் எனச் சங்கம் சங்கமாக ஆதரவு தெரிவிக்கிறார்கள். ஓட்டே இல்லாத பெண்களின் பெயரிலும் ஆதரவு எழுதப்பட்டது. மதுக்கடை அசெல்லினாவும் அவளோடு வேலைசெய்த பெண்களும் அப்படித்தான் நமக்குத் தெரிகிறார்கள். ஒரு வேட்பாளருக்கான பரிந்துரை, நல்ல ரொட்டி தருகிறவர் என்பது. மார்க்கஸ் செர்ரினியஸ் வாட்டியா என்பவருக்கு வந்த ஆதரவுதான் உச்சம். வாட்டியாவுக்கு ஓட்டுப் போடும்படி கேட்டுக்கொள்வோர்: இரவு நேரக் குடிகாரர்கள் அனைவரும். இன்னொரு சுவரில்: சில்லறைத் திருடர்கள். மற்றொன்றில்: தூங்குமூஞ்சிகள். எதிரணி வேலையா, நண்பர்களின் கிண்டலா என்று தெரியவில்லை. மீம் போடும் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இந்த மூன்றையும் பாடமாக வைக்கலாம்.

ஏதென்ஸ் இதில் ஒரு படி மேலே போயிருந்தது. அங்கே ஆண்டுக்கு ஒருமுறை, யாரையாவது பத்தாண்டு நாடுகடத்தலாமா என்று வாக்கெடுக்க வழியிருந்தது. உடைந்த பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போட வேண்டும். 6,000 ஓடுகள் சேர வேண்டும். சலாமிஸ் கடற்போரில் ஏதென்ஸைக் காப்பாற்றிய தெமிஸ்டோக்ளிஸும் இப்படித்தான் வெளியேற்றப்பட்டார். 1937இல் ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் வடக்குச் சரிவில் ஒரு கிணற்றைத் தோண்டியபோது அவர் பெயர் கீறிய ஓடுகள் 190 கிடைத்தன. கையெழுத்தை ஆராய்ந்ததில் மொத்தமே 14 பேர் எழுதியது. எழுதி அடுக்கிவைத்து, வருகிறவர்கள் கையில் திணிக்கத் தயாராக வைத்திருந்தது மாதிரி இருக்கிறது. எழுத்து தெரியாதவர்களுக்கு உதவி என்றும் வாதாடலாம். ஒரே எழுத்துப்பிழையோடு ஒரே நிமிடத்தில் நூறு பேர் 'சொந்தக் கருத்து' பதிவிடுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த வாதம் அவ்வளவாக எடுபடாது.

இலவசம் பற்றிய சண்டைக்கு வருகிறேன், ஏனென்றால் நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களில் இது முழுக்கப் புதிய விஷயம்போலப் பேசப்படுகிறது. கி.மு. 123இல் கையஸ் கிராக்கஸ் என்ற அரசியல்வாதி ரோமானியக் குடிமக்களுக்கு மலிவு விலையில் தானியம் தரச் சட்டம் கொண்டுவந்தார். கி.மு. 58இல் குளோடியஸ் என்ற இன்னொரு அரசியல்வாதி அதை இலவசமாகவே ஆக்கினார். ஆளுக்கு மாதம் ஐந்து மோடியஸ், ஏறக்குறைய 33 கிலோ. பட்டியல் 3,20,000 பேர்வரை வீங்கியது. சீசர் தெருத்தெருவாக, அடுக்குமாடி உரிமையாளர்கள் வழியாகக் கணக்கெடுத்து அதை 1,50,000 ஆக வெட்டினார். போலிக் கார்டு ஒழிப்பு. அகஸ்டஸ் காலத்தில் மறுபடி 2,00,000 அளவுக்கு ஏறியது. எல்லாவற்றுக்கும் முன்னால், கிராக்கஸின் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர் பிஸோ என்ற முன்னாள் கான்சல், அதாவது ரோமின் உச்சப் பதவியில் இருந்தவர்; கஜானா காலியாகிவிடும் என்கிற கட்சி. சட்டம் நிறைவேறிய பிறகு தானியம் வாங்கும் கூட்டத்தில் அவரே வந்து நின்றாராம். கிராக்கஸ் எல்லோர் முன்னாலும் கேட்டார், எதிர்த்த சட்டத்தின் தானியத்தை வாங்க எப்படி வந்தீர்கள் என்று. என் சொத்தை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கொடுக்கத் தொடங்கிவிட்டாய் என்றால் என் பங்கைக் கேட்பேன் என்றார் பிஸோ. இதைப் பதிவுசெய்த சிசெரோ பிஸோவின் பக்கம்.

ஏதென்ஸில் உடல் ஊனமுற்ற ஏழைகளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் காசு உதவித்தொகை இருந்தது. கைத்தொழிலாளியின் ஒருநாள் கூலி ஒரு திரக்மா, அதில் ஆறில் ஒரு பங்கு. தகுதியை ஐந்நூற்றுவர் மன்றம் பரிசோதிக்கும். லைசியாஸ் என்ற வழக்குரை எழுத்தாளர் அப்படியொரு பயனாளிக்காக எழுதிய உரை நமக்குக் கிடைத்திருக்கிறது. குற்றச்சாட்டு: இவன் குதிரை ஏறுகிறான், அதனால் ஊனமில்லை, கடை வைத்திருக்கிறான், அதனால் ஏழையில்லை. பதில்: சொந்தமாகக் கோவேறு கழுதை வாங்க வசதியிருந்தால் அதில் மெத்தை போட்டு உட்கார்ந்து போயிருப்பேன், இல்லாததால்தான் இரவல் குதிரை. மற்றவர்கள் ஒரு தடியோடு நடக்கும்போது நான் இரண்டு தடியோடு நடக்கிறேனே, அதையும் வசதி என்று சொல்லவேண்டியதுதானே? கடையில் கூட்டம் சேர்கிறது என்கிறான். முடிதிருத்துபவர் கடை, செருப்புத் தைப்பவர் கடை, வாசனைத் தைலக் கடை, இதில் எதற்கும் போய் உட்காராதவர் உங்களில் யார்? உதவித்தொகை அலுவலகத்தின் வாசலில், சான்றிதழ் உறையை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரை நம்மில் யார் பார்த்ததில்லை? இந்த மனிதருக்கு நகைச்சுவை வசமாக இருந்தது, அது லைசியாஸுடையதா அவருடையதா என்பது வேறு.

அதே லைசியாஸ் தானிய வியாபாரிகளுக்கு எதிராக எழுதிய உரையும் இருக்கிறது. கருங்கடலில் கப்பல் மூழ்கியது, ஸ்பார்டாக்காரர்கள் பிடித்துவிட்டார்கள், துறைமுகத்தை மூடிவிட்டார்கள் என்று இவர்களே புரளி கிளப்புவார்கள், இல்லையென்றால் கெட்ட செய்தியை நமக்கு முன்பே தெரிந்துவைத்திருப்பார்கள் என்கிறது அது. மீன்காரர்களோ நாடக ஆசிரியர்களிடம் மாட்டிக்கொண்டார்கள். மீன்மேல் தண்ணீர் தெளித்துப் புதிதுபோலக் காட்டுவதற்குத் தடை வந்தது. உடனே இரண்டு வியாபாரிகள் சண்டைபோடுவதுபோல் நடித்தார்கள், ஒருவன் அடிபட்டு மயங்கியதுபோல மீன்கூடைகளுக்கு நடுவே விழுந்தான், தண்ணீர் தண்ணீர் என்று யாரோ கத்த, ஒரு குடத்தை அப்படியே கொட்டினார்கள். மீன் இப்போதுதான் பிடித்ததுபோல ஆயிற்று.

கலப்படத்தில் நமக்கே ஒரு நேரடிப் பங்கு உண்டு. ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி மிளகைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்: காரத்தைத் தவிர அதில் ஒன்றும் இல்லை, அதற்காக இந்தியாவரை போகிறோமே! கறுப்பு மிளகு ராத்தல் நான்கு தினாரியஸ். இந்தியா ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சுகிறது என்பதும் அவர் கணக்கு. பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு, பெயரும் யவனர் கலத்தை அகநானூறு முசிறியிலிருந்து பார்த்தது. பிளினி அதே கலத்தை மறுகரையிலிருந்து வயிற்றெரிச்சலோடு பார்க்கிறார். மிளகில் ஜூனிப்பர் என்ற செடியின் பழத்தைக் கலந்துவிடுகிறார்கள் என்றும் எச்சரிக்கிறார். பப்பாளி விதை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அது அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு.

ரசிகர்களைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். ரதப் பந்தயத்தில் சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை என்று நான்கு அணிகள். கையஸ் அப்புலேயஸ் டயோக்ளிஸ் என்ற ரத ஓட்டி 24 ஆண்டுகளில் 4,257 பந்தயம் ஓடி 1,462இல் வென்று, 3,58,63,120 செஸ்டர்ஸ் பரிசு பார்த்தார். வெள்ளையில் தொடங்கி, பச்சைக்கு மாறி, சிவப்பில் முடித்தார். இளைய பிளினி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறார்: குதிரையின் வேகத்துக்கோ ஓட்டுபவனின் திறமைக்கோ கத்தினாலாவது அர்த்தமுண்டு, இவர்கள் கத்துவது துணிக்கு, ஓட்டத்தின் நடுவில் சட்டையை மாற்றிப் போட்டால் அபிமானமும் சட்டையோடு போய்விடும். ஏலம் முடிந்த மறுநாள் தங்கள் ஆட்டக்காரன் வேறு நிறத்தில் சிரிக்கும் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பிளினிக்குப் புரியாதது, அந்தத் துணிமேல் இருக்கும் ஆசையும் உண்மையான ஆசைதான் என்பது.

இவ்வளவு எழுதிய பிறகு, இதிலுள்ள ஏமாற்றையும் சொல்ல வேண்டும். 2023 ஜூனில் பொம்பேயியின் ஒன்பதாம் வட்டாரத்தில் ஒரு சுவரோவியம் வெளிப்பட்டது. வெள்ளித் தட்டில் ஒரு தட்டையான ரொட்டி, பக்கத்தில் மதுக் கோப்பை, பழங்கள். ரோமானியர்கள் பீட்ஸா சாப்பிட்டார்கள் என்று உலகமே பகிர்ந்தது, எனக்கும் பல குழுக்களிலிருந்து வந்தது. தக்காளி 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்கு வந்தது என்பதை விடுங்கள். அதே ஆண்டு டிசம்பரில், அதே கட்டடத் தொகுதியில் தோண்டியெடுத்த ரொட்டிக்கூடத்தைப் பற்றிய அறிவிப்பு வந்தது. ஜன்னல்கள் சின்னவை, இரும்புக் கம்பி போட்டவை, வெளியுலகத்தைப் பார்க்காமல் வீட்டின் உட்புறமாகவே திறப்பவை. கழுதைகளும் மனிதர்களும் அடைபட்டு மாவு அரைத்த இடம் அது. கண்ணைக் கட்டிய கழுதைகள் வழுக்காமல் ஒரே வட்டத்தில் சுற்றுவதற்காகத் தரைக் கல்லில் பள்ளங்கள் வெட்டியிருந்தார்கள். உள்ளே ஆலஸ் ருஸ்டியஸ் வேரஸ் என்பவருக்கு ஓட்டுக் கேட்கும் எழுத்து. மாவுக் கல்லிலும் அவர் பெயரின் முதலெழுத்துகள். நல்ல ரொட்டி தருகிறவர் என்று இன்னொரு வேட்பாளரைப் புகழ்ந்த சுவரைப் பார்த்துச் சிரித்தபோது, அந்த ரொட்டியை யார் சுட்டது என்று நான் கேட்கவில்லை. ஓவியம் வந்த குழுக்களில் ரொட்டிக்கூடம் வரவில்லை.

இப்படித் தேடத் தொடங்கினால் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். கிராஸஸின் கட்டட வேலையாட்கள், குளியல்கூடத்து உலையில் விறகு போட்டவர்கள், லுபெர்கஸ் படியேற அனுப்ப நினைத்த பையன். கடைமேடைக்கு வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று பார்க்கும்வரை ரோம் நம் ஊர். மேடைக்கு அந்தப் பக்கம் போனால், ஆளையே வாங்கி விற்கும் நாடு. இந்த வேறுபாட்டை நான் பெரியது என்று நினைக்கிறேன், ஒற்றுமைகளின் சுவாரசியத்தில் அதைக் கரைத்துவிடக் கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டை நேராகப் போடவும் முடியவில்லை. அதற்குக் காரணம், எனக்கு மிகப் பிடித்த ஒரு கிரேக்கக் கவிதை.

கி.மு. 3ஆம் நூற்றாண்டு, எகிப்தின் அலெக்சாந்திரியா. தியாக்ரிட்டஸ் எழுதியது. கோர்கோ, பிராக்ஸினோவா என்று இரண்டு பெண்கள். சிசிலித் தீவின் சிரகூஸ் நகரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். அரண்மனையில் திருவிழா பார்க்கக் கிளம்புகிறார்கள். கிளம்புமுன் புருஷன்மார் புராணம். ஊர்க் கோடியில் வீடு பிடித்துக்கொடுத்திருக்கிறார் என்று ஒருத்தி. ஏழு திரக்மாவுக்கு ஐந்து கம்பளி மூட்டை வாங்கிவந்தார், அத்தனையும் நாய்முடி என்று மற்றவள். சலவைச் சோடா வாங்கக் கடைக்குப் போனவர் உப்பை வாங்கிவந்த கதையும் உண்டு. குழந்தை முறைத்துப் பார்ப்பதைக் கவனித்ததும், அப்பாவைச் சொல்லவில்லைடா கண்ணு, அப்பா நல்லவர் என்று சமாளிப்பு. நடுநடுவே யுனோவா என்ற வேலைக்காரிக்கு விழும் வசவு: சோம்பேறி, தண்ணீர் எங்கே, முதலில் தண்ணீர் கேட்டால் சோப்பைக் கொண்டுவருகிறாள், இவ்வளவு ஊற்றாதே, பாவி, என் துணியை நனைக்கிறாய். யுனோவா விலைக்கு வாங்கப்பட்ட அடிமை. சட்டத்தில் அவளுக்கும் இன்று அடுக்ககங்களில் வேலைசெய்யும் பெண்களுக்கும் சம்பந்தமே இல்லை. குரலில் இருக்கிறது. நாயை உள்ளே கூப்பிடு, குழந்தையைப் பார்த்துக்கொள், வாசலைப் பூட்டு என்ற கடைசி உத்தரவுகள் உட்பட.

பிறகு தெருவில் எறும்புக் கூட்டமாய் ஜனம். கையைக் கையோடு கோத்துக்கொள்ளச் சொல்கிறாள் பிராக்ஸினோவா, யுனோவா தொலைந்துவிடாமல். நெரிசலில் முக்காடு கிழிகிறது. உள்ளே போய்த் திரைச்சீலைகளைப் பார்த்து வாயடைத்து, பிறகு வாய் மூடாமல் பேசுகிறார்கள். பக்கத்தில் நின்ற ஆள், அகல அகலமாக வாயைத் திறந்து பேசும் இந்த ஊர்ப்புறப் பேச்சைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்கிறான். யாரப்பா நீ, நாங்கள் சிரகூஸ்காரிகள், எங்கள் பேச்சை நாங்கள் பேசுவோம் என்று திருப்பிக் கொடுக்கிறாள் பிராக்ஸினோவா. பாட்டு முடிகிறது. பாடியவளைக் கோர்கோ வாயார மெச்சுகிறாள், உடனே வீட்டு நினைப்பு வந்துவிடுகிறது. கிளம்பலாம், அவர் இன்னும் சாப்பிடவில்லை. அந்த மனுஷன் சாதாரணமாகவே புளிச்ச காடி, பசியில் இருக்கும்போது கிட்டவே போகக் கூடாது.